மூன்று சிவப்பு மணி அதிகம்

அணுக்காரர் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். வாசல் நிலைக்கு மேலே ஆக்சிஜன் தொங்கும். அதற்குத் தப்பி நிமிர்ந்தால் நைட்ரஜன் நெற்றியில் இடிக்கும். கூடத்து ஆணியில் சோடியமும் குளோரினும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கும். சமையலறைப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த கால்சியத்தில் ஒரு பல்லி பல தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியது. அதை விரட்டினால் எலக்ட்ரான் உதிரும் என்று யாரும் விரட்டவில்லை.

எல்லாம் மணியும் கம்பியும்தான். சிவப்பு மணி புரோட்டான், வெள்ளை மணி நியூட்ரான், வெளியே வளையத்தில் சுற்றுகிற சின்ன நீல மணி எலக்ட்ரான். பள்ளிக்கூடங்களில் அறிவியல் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தால் போதும், ஆசிரியர்கள் கையைப் பிசைந்துகொண்டு அந்தத் தெருவுக்கு வந்துவிடுவார்கள். இவர் கதவை உடனே திறக்க மாட்டார். உள்ளேயிருந்து இரண்டு தடவை இருமுவார். ஆராய்ச்சியில் இருக்கிறாராம்.

ஆரம்பத்தில் அவர் வாசலுக்கு மணித்திரை கோத்துக் கொடுப்பவராகத்தான் இருந்தார். காற்றடித்தால் கலகலவென்று சத்தம் போடுமே, அந்தத் திரை. பிறகு சனங்களுக்கு அந்தச் சத்தம் சலித்துப்போனது. மூட்டை மூட்டையாக மணி வீட்டில் தேங்கிப்போனது. அப்படி ஒரு நாளில்தான் ஓர் அறிவியல் ஆசிரியை அழாத குறையாக வந்து நின்று, மறுநாள் கண்காட்சிக்கு ஒரு ஹைட்ரஜன் வேண்டும் என்றாள். ஹைட்ரஜன் என்றால் என்ன என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். நடுவில் ஒரு சிவப்பு மணி, சுற்றி ஒரு கம்பி வளையம், அதில் ஒரு நீல மணி. டீ ஆறுவதற்குள் செய்து கொடுத்துவிட்டார். அன்றைக்கு அணுக்காரர் ஆனவர்தான். படிக்கிற காலத்தில் வகுப்புக்கு வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தவர் என்பதால் தன்னையும் ஒருவகை எலக்ட்ரானாக மதித்திருக்கலாம். ஆனால் அவர் தன்னைப் புரோட்டான் என்றே நம்பினார்.

அவருடைய அணுவில் ஒரு விசேஷம் உண்டு, அதை மறுக்க முடியாது. மற்றவர்கள் உட்கருவைக் களிமண் உருண்டையாகப் பிடித்து மேலே பொட்டுப் பொட்டாகச் சாயம் வைத்து முடித்துவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று செய்தவருக்கே தெரியாது. இவர் மணித்திரைக் கையல்லவா? கம்பியை விளக்குக் கூண்டு மாதிரி வளைத்து, ஒவ்வொரு மணியும் கண்ணுக்குத் தெரிகிறபடி கோத்து, முனைகளைப் பற்றவைத்துவிடுவார். அதைத் தூக்கிப் பிடித்து, "எண்ணிப் பாத்துக்கோங்க" என்பார். அந்தக் குரலே தனி. உலகத்து அணுக்களையெல்லாம் ஒரே ஆளாக நின்று கணக்குத் தீர்த்தவர் மாதிரி இருக்கும்.

யாரும் எண்ணியதில்லை. அதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். ஒரு தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓர் இரும்பு அணுவை வலம் வந்து, கடைசியில் "கச்சிதம்" என்றார். அந்த நேரத்தில் அந்த இரும்பின் எலக்ட்ரான்களில் நாலு, கட்டிலுக்கு அடியில் பூனையின் வசம் இருந்தன.

இப்படிச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்த அந்தக் குடும்பத்துக்குள் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரு பையோடு வந்தான். அடுத்த வேலை கிடைக்கிறவரைக்கும் என்றான். வாசல் அறையில் இருந்த பிரம்புச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான், நாற்காலிக்கு அவன் ஓர் உறுப்பாகிவிட்டான். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற கனம். யாரோடும் சண்டையில்லை, யாரோடும் உறவாடலும் இல்லை. வைத்ததைச் சாப்பிடுவான், வைக்காவிட்டால் காத்திருப்பான். பிரம்பு மட்டும் அவ்வப்போது முனகும்.

அணுக்காரர் அவனுக்கு நியூட்ரான் என்று பேர் வைத்தார். "பிளஸ்ஸும் கெடையாது, மைனஸும் கெடையாது. வெயிட்டு மட்டும் இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கம் வேறு. பேர் தெருவெல்லாம் பரவி, துணி தேய்க்கிறவர்கூட "நியூட்ரான் தம்பி சட்டையா இது?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எழுந்து உட்கார வேண்டுமே.

மனைவியை அணுக்காரர் எலக்ட்ரான் என்பார். ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறாளாம். மணி பொறுக்குவது, நிறம் பிரிப்பது, கோப்பது, சமைப்பது எல்லாம் அவள்தான். "நான் சுத்தறத ஒரு நாள் நிறுத்தறேன், அப்புறம் பாருங்க உங்க அணுவை" என்பாள். அவர் அதைக் கேட்காத மாதிரி இரண்டு தடவை இருமுவார்.

அந்தச் சமயத்தில் பெரிய சாலையில் புதிதாக ஓர் அறிவியல் கூடம் கட்டினார்கள். அதன் இயக்குநர் அம்மாள் குறைவாகப் பேசி நிறையப் பார்க்கிறவர். அவரே நேரில் வந்தார், குனிந்து வந்தார், நைட்ரஜனில் இடித்துக்கொண்டார். நடு மண்டபத்தில் மாட்ட யுரேனியம் அணு இரண்டு வேண்டும் என்றார். ஒன்று 235, இன்னொன்று 238. ஒரே தனிமம், எடை மட்டும் வேறு. ஐசோடோப்பு என்பது அதுதான் என்று ஒரு சின்னப் புத்தகத்தையும் கொடுத்தார். திறப்பு விழா அன்றைக்கு வேலை பிடித்திருந்தால், கூடத்தின் நிரந்தர மாதிரிக் கலைஞராக அணுக்காரரையே வைத்துக்கொள்வார்கள். தனி அறை, கதவில் பேர் பலகை.

பேர் பலகை என்ற சொல்லைக் கேட்டதும் அணுக்காரருக்கு இருமல் நிஜமாகவே வந்துவிட்டது. அன்றே மனைவியிடம் கறாராகச் சொன்னார்.

"இந்த வேலை கெடைக்கிற அன்னிக்கு உன் தம்பி வேற எடம் பாத்துக்கணும். கூடத்துக் கலைஞர் வீட்டு வாசல்ல ஒருத்தன் படுத்துக்கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "மொதல்ல கெடைக்கட்டும்" என்றாள். தம்பியிடமும் போய்ச் சொன்னாள். அவன் "சரிக்கா" என்று புரண்டு படுத்தான். அவனுக்குப் போக வேறு இடமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அன்று இரவு அவனுக்கு வைத்த சாப்பாட்டில் பாதி மிச்சமிருந்தது. அந்த வீட்டில் அது செய்திதான்.

அணுக்காரர் புத்தகத்தைப் பிரித்தார். 235-க்குக் கணக்குத் தெளிவாகப் போட்டிருந்தது. புரோட்டான் தொண்ணூற்றிரண்டு, நியூட்ரான் நூற்று நாற்பத்து மூன்று, எலக்ட்ரான் தொண்ணூற்றிரண்டு. கீழே கடைசி வரியில், 238-இன் உட்கருவில் இதைவிட மூன்று துகள் கூடுதல் என்று இருந்தது. எந்தத் துகள் என்பது பக்கத்தைப் புரட்டினால் இருக்கும். அவர் புரட்டவில்லை. புரிந்துபோன விஷயத்துக்குப் பக்கத்தைப் புரட்டுவானேன்?

மனைவிதான் கம்பியும் கையுமாகக் கேட்டாள். "கூட மூணுன்னீங்களே, செவப்பா வெள்ளையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளையக் கூட்டி என்ன ஆகப்போகுது? சும்மா கெடக்கறதோட இன்னும் மூணு சும்மா கெடக்கும். கனமான அணுன்னா பாத்தவொடனே தெரிய வேணாம்? செவப்பையே போடு." சொல்லிவிட்டு வாசல் அறைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பிரம்பு முனகியது.

அவள் சிவப்பையே கோத்தாள். முடித்ததும் அவர் விரலை நீட்டி, உரக்க, மொத்த மணியையும் ஒன்றுவிடாமல் எண்ணினார். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து இருநூற்று முப்பத்தெட்டு. நெஞ்சை நிமிர்த்தினார். கூட்டுத்தொகை சரி. உள்ளே இருக்கிற ஆட்கள்தான் தப்பு. பல கமிட்டிகளும் இப்படித்தான் நடக்கின்றன.

இரண்டு அணுவையும் கூடத்தில் கொண்டுபோய் மாட்டியாயிற்று. விழாவுக்கு முந்தின நாளும் அங்கே சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். மணிமேல் தெறித்துவிடக் கூடாதே என்று காவலுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வேலை ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று மச்சினனிடம் சொன்னார். தன் படிப்புக்கேற்ற வேலை கிடைத்த மாதிரி அவன் கிளம்பினான்.

விழா நாள் காலையில் அணுக்காரர் மொடமொடவென்று தேய்த்த சட்டையில், யாரும் வருவதற்கு முன்னாலேயே கூடத்துக்கு வந்தார். மாதிரிக்குக் கீழே வைத்திருந்த அறிவிப்புப் பலகையில் தன் பேர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பலகையில் அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மச்சினன் 238-க்கு நேர் கீழே பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். குளுகுளுவென்று ஏசி.

"மாமா, ஒண்ணு சொல்லணும். இதுல செவப்பு மூணு அதிகமா இருக்கு."

"யாரு சொன்னா?"

"எண்ணிப் பாத்தேன்."

அணுக்காரர் வாழ்க்கையில் இந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. "எண்ணிப் பாத்தியா? எதுக்குடா?"

"நீங்கதான எப்பவும் எண்ணிப் பாத்துக்கோங்கன்னு சொல்றீங்க."

"அது பேச்சுக்குச் சொல்றதுடா!"

அவன் விளக்கினான். முந்தின நாள் தூங்கினானாம், எழுந்தானாம், மறுபடி தூங்கினானாம். தூக்கம் கையிருப்புத் தீர்ந்ததும் மேலே பார்த்தபடி மணியை எண்ணினானாம். சுற்றி ஓடுகிற நீலம் தொண்ணூற்றிரண்டு. பலகையிலும் அதுதான். உள்ளே சிவப்பு தொண்ணூற்றைந்து. பலகையில் தொண்ணூற்றிரண்டு. வெள்ளை நூற்று நாற்பத்து மூன்று. பலகையில் நூற்று நாற்பத்தாறு. பக்கத்தில் 235-ஐயும் எண்ணினானாம், அது சரியாக இருக்கிறதாம். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று முதலிலிருந்து மறுபடி எண்ணினானாம். அவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

அணுக்காரர் பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்து, கடைசியில் அந்தப் பக்கத்தைப் புரட்டினார். மூன்று நியூட்ரான் கூடுதல் என்று முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு தனிமம் எது என்பதைச் சொல்வது புரோட்டான் எண்ணிக்கை மட்டுமே, அதில் ஒன்று கூடினாலும் அது வேறு தனிமம் என்று அடுத்த வரி. அதற்கடுத்த வரியை அவர் பார்க்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"தொண்ணூத்தஞ்சுன்னா அமெரிசியமாம் மாமா. புத்தகம் வீட்ல கெடந்தப்ப படுத்தபடியே புரட்டினேன், கடைசிப் பக்கப் பட்டியல்ல பாருங்க. அதுல இந்த எடை உள்ளது ஒரு சினிமா பாத்துட்டு வர்றதுக்குள்ள பாதி காணாமப் போயிடுமாம்."

பலகையிலோ, இந்த அணுக்கள் பாதியாகக் குறைய நானூற்றைம்பது கோடி வருடம் ஆகும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அணுக்காரர் மாட்டி வைத்திருந்த சரக்கு, தலைமை விருந்தினர் பேசி முடிப்பதற்குள் பாதி தீர்ந்துபோகிற சரக்கு. விருந்தினர் அணுத்துறையிலேயே பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் வேறு. கதவில் மாட்டவிருந்த பேர் பலகை அணுக்காரரின் கண்ணுக்கு முன்னால் பாதியாகி, கால்பங்காகி, மறைந்தது.

ஆனாலும் சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? மச்சினனை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஏண்டா சொன்ன? வாயத் தெறக்காம இருந்திருந்தா எனக்கு வேலை போயிருக்கும், உனக்கு வீடு மிஞ்சியிருக்குமே."

நியூட்ரான் பெஞ்சிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். அதுவே பெரிய காரியம். "அக்காதான கோத்தா? தப்புன்னு தெரிஞ்சா நீங்க அவளத்தான காட்டுவீங்க."

வீட்டுக்காரி கோத்ததுங்க, கவனிக்கல என்ற வாக்கியம் அணுக்காரர் நாக்கில் அப்போதே தயாராக இருந்தது. எழுவாய் முதல் முற்றுப்புள்ளி வரை.

கம்பி முனைகளைப் பற்றவைத்திருந்ததால் மணியைக் கழற்ற வழியில்லை. வெள்ளையடித்தவர்கள் கதவுக்குப் பூசிய எனாமல் டப்பா ஓரமாகக் கிடந்தது. மூன்று சிவப்பு மணிக்கு வெள்ளை பூசினால் கணக்குத் தீர்ந்தது. ஆனால் அணுக்காரர் குள்ளம், ஏணியையோ எடுத்துப் போய்விட்டார்கள். துள்ளிப் பார்த்தார். தேய்த்த சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்ததுதான் மிச்சம். நியூட்ரான் எழுந்து நின்று கையை நீட்டினான். எட்டியது. எந்த மூன்று மணி என்று அவன் யோசிக்கவில்லை. கைக்குப் பக்கத்தில் இருந்த மூன்று சிவப்புக்குப் பூசிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதாவது, அடியில் தொங்குகிற மூன்று. அதாவது, வருகிறவர்கள் கைக்கும் எட்டுகிற மூன்று.

கூட்டம் வந்தது. மனைவியும் வந்து ஓரமாக நின்றாள். பேராசிரியர் துல்லியம் என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஒரு துகள் தவறினால் உலகமே தவறும் என்றார். அணுக்காரரைத் தவிர எல்லாரும் கொட்டாவியை அடக்கினார்கள்.

பிறகு பேராசிரியர் மாதிரிக்கு முன்னால் வந்து அண்ணாந்து பார்த்தார். இந்த இடத்தில் அணுக்காரர் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டல்லவா? பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்து "எண்ணிப்..." என்றது. மீதியைக் கடித்து விழுங்கினார். பேராசிரியர் விரலை உயர்த்தினார். எண்ணத்தான் போகிறார் என்று அணுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியர் எண்ணவில்லை. குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி அடியில் தொங்கிய ஒரு மணியைக் கிள்ளினார்.

கை வெள்ளையாக வந்தது. இயக்குநர் அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னது இது?" என்றார் பேராசிரியர், விரலைத் தூக்கிப் பிடித்தபடி.

அணுக்காரருக்குப் பின்னாலிருந்து நியூட்ரான்தான் நிதானமாகச் சொன்னான். "கதிரியக்கத் தனிமம் இல்லீங்களா ஐயா. உள்ளேர்ந்து ஏதாவது வெளிய வரத்தான் செய்யும்."

பேராசிரியர் அவனை முறைத்தார். பிறகு சிரித்தார். அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தவர்கள் அவரைவிடப் பலமாகச் சிரித்தார்கள். "அருமை, அருமை" என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே டீ இருக்கிற பக்கம் நகர்ந்தார். கூட்டமும் நகர்ந்தது. துல்லியத்தைப் பற்றி அவ்வளவு பேசியவர் ஒரு மணியைக்கூட எண்ணவில்லை.

இயக்குநர் அம்மாள் மட்டும் நகரவில்லை. கிள்ளப்பட்ட மணியில் பாதி வெள்ளை போய் அடியில் சிவப்புத் தெரிந்தது. அதைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பக்கத்தில் ஈரமாக மினுங்கிய மற்ற இரண்டையும் பார்த்தார். "காலைல இதை யாரு எண்ணிப் பாத்தது?" என்று கேட்டார்.

அணுக்காரர், "நான்..." என்று ஆரம்பித்தார். வாய் அந்த வார்த்தையைத்தான் முதலில் எடுக்கும், அதன் சுபாவம் அப்படி. எதிரே மனைவி நின்றிருந்தாள். அவரையே பார்த்தாள். சுற்றுவதை நிறுத்திய பார்வை அது.

"நான் இல்லீங்க. என் மச்சினன். தப்புப் பண்ணினதுதான் நான்."

சொல்லி முடித்ததும் பேர் பலகை போயிற்று என்றே நினைத்தார். அம்மாளோ, தொங்கவிட்ட மாதிரிகளிலிருந்து எல்லா இடத்திலும் மணி களவுபோகும், தினமும் உட்கார்ந்து எண்ண ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இரண்டாவது மணியோடு அலுத்துப்போகாத ஒருத்தர் இதுவரை கிடைக்கவில்லை என்றார். அந்த வேலை மச்சினனுக்கு என்றார். அணுக்காரருக்கும் அறை உண்டு, பேர் பலகையும் உண்டு. ஆனால் மச்சினன் எண்ணிச் சரி சொல்லாமல் எதையும் மாட்டக் கூடாது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மனைவி அப்பாவி மாதிரிக் கேட்டாள். "ஏங்க, வேலை கெடைக்கிற அன்னிக்கு வேற எடம் பாக்கணும்னு சொன்னீங்களே. ரெண்டு பேருக்கும் கெடச்சிருக்கு. யாரு கெளம்பறீங்க?"

அணுக்காரர் இரண்டு தடவை இருமினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. பிரம்பு நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இப்போதெல்லாம் அணுக்காரர் எண்ணிப் பாத்துக்கோங்க என்று யாரிடமும் சொல்வதில்லை. எண்ணுவதற்கு ஆள் வந்த பிறகு அந்த வசனத்தில் ருசியில்லை. செய்த அணுவை மண்டபத்துக்கு எடுத்துப்போய், நாற்காலியில் சாய்ந்திருக்கும் மச்சினன் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். கை வலிக்கும். அவன் அவசரப்பட மாட்டான். பார்வையாளர்களோ இவரைத் தாண்டிப்போய் "நியூட்ரான் சார்" என்று அவனிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

அவர்கள் அதிகமாகக் கேட்பது அந்தப் பாதி வெள்ளை, பாதி சிவப்பு மணியைப் பற்றித்தான். அதற்கு மறுபடி சாயம் பூச வேண்டும் என்று அம்மாள் சொல்லியிருக்கிறார். எழுந்து பூச வேண்டியவன் அவன்தான் என்பதால் இன்னும் பூசவில்லை.

"அது நியூட்ரானா இருந்து புரோட்டானா மாறிக்கிட்டு இருக்கு" என்பான், சாய்ந்தபடியே. "கதிரியக்கத்துல அப்படி நடக்கும். அவசரப்படுத்தக் கூடாது."

முதல் தடவை இதைக் கேட்டபோது அணுக்காரருக்கு உற்சாகம் பொங்கியது. இவன் கதை விடுகிறான், இன்றைக்கு மாட்டினான் என்று அறைக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தார். கதிரியக்கத்தில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுவது உண்டு என்று அச்சிலேயே இருந்தது. பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

யுரேனியம் 238 சிதைகிற விதம் அதுவல்ல, வேறு என்று அடுத்த வரியில் இருந்தது.